பேர் எழுதிய கதிரைகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் உட்காரும் பிள்ளைகளை விடக் கதிரைகள் அதிகம். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீர் மீற்றர் பார்க்க வந்த ஒருவர், "என்ன சேர், கலியாணம் ஏதும் நடக்கப்போகுதா?" என்று கேட்டார். அதிபர் லூர்து சேர் இல்லையென்றார். "அப்ப சாவு வீடா?" என்றார் அவர். லூர்து சேர் மீற்றர் இருக்கும் பக்கத்தைக் காட்டினார்.

பள்ளிக்கூடத்தின் முழுப் பெயர் பரலோக அன்னை தமிழ் வித்தியாலயம். கண்டியிலிருந்து தெல்தெனியவுக்குப் போகும் பாதையில், பஸ் மூச்சு வாங்கும் ஓர் ஏற்றத்தில் இறங்கி, பாசி பிடித்த படிகளில் ஏறினால் வரும். ஊரார் சுருக்கமாகப் பரலோகம் என்பார்கள். பரலோகத்தில் தரம் ஒன்று முதல் ஒன்பது வரை உண்டு. அதற்கு மேல் படிக்க விரும்புகிறவர்கள் டவுனுக்குப் போக வேண்டும்.

தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரச் சுவாமி. றோட்டு வெட்ட வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகளும் ஜெபம் படிக்க ஒரு கொட்டகை போட்டார். ஜெபத்தோடு கணக்கும் வந்து சேர்ந்தது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எடுத்தவுடன் முதல் வேலையாகப் பெயர்ப்பலகையை மாற்றியது. இரண்டாவது வேலையை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

கதிரைகள் வந்தது அதற்குப் பிறகு. அறுபதுகளின் கடைசியில், இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடதாசி கிடைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கப்பலில் கதிரை ஏற்ற விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு தகப்பன் வீட்டில் இருந்த ஒரே மரக் கதிரையைத் தோளில் தூக்கி வந்து பள்ளிக்கூடத்தில் வைத்து, "மகன் திரும்பி வந்தா ஒக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்போதிருந்த பெரிய சேர், நாளைக்கு வேறு யாரும் உரிமை கேட்கக் கூடாதென்று, கதிரையின் முதுகில் வெள்ளைப் பெயின்றால் பையனின் பெயரை எழுதி வைத்தார். இதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் ஒன்று கொண்டுவந்தார். அதற்கடுத்த வீட்டுக்காரரும்.

மகன் திரும்பி வரவில்லை. யாருமே வரவில்லை. கதிரைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. எண்பத்து மூன்று கலவரத்தில் வவுனியாப் பக்கம் ஓடியவர்கள்கூட, ஓடுகிற அவசரத்திலும், கொடுத்துவிட்டுத்தான் ஓடினார்கள்.

இதற்கிடையில் காலமும் திருந்திக்கொண்டிருந்தது. பயந்து போகிறவர்களுக்கு நடுவே பெருமையோடு போகிறவர்களும் வரத் தொடங்கினார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸானால் டவுனில் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கும். கிடைத்ததும் பெற்றோர் ஒரு கதிரை வாங்கி, முதுகில் பிள்ளையின் பெயரைப் பதித்து, பரலோகத்துக்குக் கொடுப்பார்கள். அன்றைக்கு மாலை, மேளம், பாற்சோறு, ரோல்ஸ் எல்லாம் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சேரும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போகும்போது ஊரே கூடும். வழியனுப்புவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

பேருள்ள கதிரையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் பழைய மாணவர் சங்கக் கூட்டம் நடக்கும்போது மட்டும் அவரவர் தங்கள் பேருள்ள கதிரையைத் தேடிப் பிடித்துத்தான் உட்காருவார்கள். பெரியவர்களுக்கு மரம், நடுவயதுக்காரர்களுக்கு இரும்புக் குழாய், எங்களுக்குப் பிளாஸ்டிக். என் பெயரும் ஒன்றில் இருக்கிறது. நான் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அதனாலும், ஃபோனில் தமிழ் டைப் பண்ணத் தெரிந்ததாலும், என்னைச் சங்கத்துக்கு உப செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

போன வருடம் நடுப்பகுதியில் வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஹுஸைன் சேர் வந்தார். அக்குறணைக்காரர், நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்ல அவரைத்தான் அனுப்புவார்கள்.

"லூர்து சேர், இத சொல்றத்துக்கு எனக்கே ஒரு மாதிரி ஈக்கி. வார வருஷம் ஆறாம் ஆண்டுல அஞ்சு புள்ளயாவது ஈக்கணும். இல்லாட்டி ஆற தொறக்க விடமாட்டாங்க. ஆறு இல்லாட்டி, ஒன்பது வரைக்கும் எல்லாத்தயும் மூடிட்டு, சின்னப் புள்ளயள மட்டும் வெச்சிக்கச் சொல்லுவாங்க."

அந்த வருடம் ஐந்தாம் ஆண்டில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். பார்த்தால் போதும் போலத்தான் தெரியும். தடையாக இருந்தவர் சுவர்ணா டீச்சர். ஐந்தாம் ஆண்டைப் படிப்பிக்கிறவர். அவர் படிப்பித்தால் பிள்ளைகள் பாஸாகிவிடுவார்கள். இதற்கு யாரும் இதுவரை ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.

லூர்து சேர் ஒருநாள் டீச்சரை ஒபிஸுக்குக் கூப்பிட்டார். நான் அப்போது மூலையில் பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இந்த வருஷம் மாலை வகுப்பக் கொஞ்சம் கொறைச்சுக்கிட்டா என்னா?"

"ஏன் சேர்?"

"பிள்ளைகளுக்குக் களைப்பா இருக்குமே."

"பிள்ளைகளுக்கா, ஒங்களுக்கா?"

லூர்து சேர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அஞ்சு பேர் ஃபெயிலானாத்தான், டீச்சர், பள்ளிக்கூடம் பாஸாகும்."

"சரிங்க சேர். எந்த அஞ்சுன்னு நீங்களே சொல்லுங்க. நான் போய் அவங்க அம்மாமார்கிட்டச் சொல்லிட்டு வாறேன்."

மாலை வகுப்பு வழக்கம்போல நடந்தது. பெறுபேறு வந்தபோது ஐந்து பேர் பாஸ். பள்ளிக்கூடத்தின் சரித்திரத்திலேயே மிகச் சிறந்த பெறுபேறு அதுதான். லூர்து சேர் செய்தியைக் கேட்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கதிரைக்குத்தான் பஞ்சமில்லையே.

பாஸாகாத ஒரே பிள்ளை நிரோஷினி. பரீட்சை அன்று அவளுக்கு வீசிங் இழுத்தது. பாதி நேரம் மூச்சு மருந்துப் பம்மை வாயில் பிடித்துக்கொண்டு இருந்தாள். மீதி நேரத்தில் எழுதியதற்கு வெட்டுப்புள்ளியை ஏறக்குறையத் தொட்டிருந்தாள். ஏறக்குறையத் தொட்டவர்களுக்கு டவுனில் இடமில்லை.

ஐந்து பேருக்கும் வழியனுப்பு விழா நடந்தது. பெயர்களை இப்போது பெயின்றால் எழுதுவதில்லை, ஸ்டிக்கர்தான். டவுனில் வாகன நம்பர் வெட்டும் றொமேஷின் கடையில் கொடுப்போம். "அஞ்சு இருக்கா? அப்ப சரி," என்றான் றொமேஷ். "அஞ்சுக்குக் கொறைஞ்சா நான் மெஷினே போடுறதில்ல மச்சான்." எல்லாரும் ஐந்தில்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விழாவில் பூத்தட்டு ஏந்தி நின்றது நிரோஷினி. அந்த வகுப்பில் வேறு பிள்ளை யாரும் மிச்சமில்லை.

விழா முடிந்த அடுத்த நாள் அவளுடைய அம்மா இராஜகுமாரி வந்தார். பேராதனையில் ஆஸ்பத்திரி வார்டு கழுவுகிற வேலை. புருஷன் கட்டட வேலைக்கென்று கொழும்புக்குப் போனவர். முதலில் ஃபோன் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"சேர், ஆறாம் ஆண்டு தொறப்பீங்கதானே?"

"டவுன்ல கேட்டுப் பாத்தீங்களா?"

"ரெண்டு எடத்துல கேட்டேன் சேர். பாஸாகாத பிள்ளைக்கு எடமில்லைன்னுட்டாங்க. இன்னொன்னுல எடம் இருக்காம். ரெண்டு பஸ் மாறணும். நான் விடிய வேலைக்கு மொத பஸ்ஸுலயே போயிருவேன். வழியில இழுக்க ஆரம்பிச்சா இவள யாரு பாக்குறது? கீழ சிங்களப் பள்ளிக்கூடத்துலயும் கேட்டேன். அந்த மிஸ் நல்ல மாதிரிதான். ஆனா இவளுக்குச் சிங்களத்துல கடைக்குப் போய் வரத்தான் தெரியும், சயன்ஸ் படிக்கத் தெரியாதுல்ல. இங்க ஆறு தொறக்கலேன்னா வீட்டுல நிப்பாட்டுறத விட்டா வேற வழியில்ல சேர்."

"தொறப்போம்மா," என்றார் லூர்து சேர்.

தனக்கு அதிகாரம் இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றி அவர் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், சங்கத்தைக் கூட்டினோம். எல்லாரும் தங்கள் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். தலைவர் வீரய்யா ஐயா டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அவருடைய மரக் கதிரையை வருடாவருடம் அவரே பொலிஷ் பண்ணிவைப்பார். எழுந்து பேசினார்.

"இந்தப் பள்ளிக்கூடம் நம்மளப் பெத்த தாய்! தாய் சாகக் கெடக்குறா. நாம பாத்துக்கிட்டு இருக்கலாமா?"

"இருக்கக் கூடாது!" என்றார்கள் எல்லாரும்.

"நாலு பிள்ளை வேணும்," என்றார் லூர்து சேர்.

சிலர் குனிந்து தங்கள் கதிரையின் கால்களைச் சோதித்தார்கள்.

"தோட்டத்துப் பக்கம் போய்க் கேட்டுப் பாக்கலாமே," என்றார் ஒருவர்.

"தோட்டத்துப் பிள்ளைங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இருக்குதுங்க. இங்க இருக்குற ஒங்க பிள்ளைங்க எங்க இருக்குதுங்க?" என்றார் லூர்து சேர்.

எல்லாருக்கும் பதில் தெரியும். டவுனில். பாஸானதுகள் பாஸாகியும், பாஸாகாததுகள் யாரையாவது பிடித்தும், சிலதுகள் முதலாம் ஆண்டிலிருந்தேயும். என் தங்கச்சி ஷெரோன் மூன்றாவது வகை. பரலோகத்திலிருந்து பாஸாகிப் போன என்னைப் பார்த்த அப்பா, இந்தச் சிரமம் பிள்ளைக்கு எதற்கென்று அவளை ஆரம்பத்திலேயே டவுனில் சேர்த்துவிட்டார். அவளும் அந்த ஜனவரியில் ஆறாம் ஆண்டு.

இராஜகுமாரி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவரும் பரலோகத்தில் படித்தவர்தான். எட்டாம் ஆண்டில் இடையில் நின்றுவிட்டார். இடையில் நின்றவர்களுக்குக் கதிரை வைக்கும் வழக்கம் இல்லை. மண்டபம் நிறையக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா? என் மக தனியா இருந்தா வகுப்பு இல்லையாம். வேற ஒண்ணும் வேணாங்க. பக்கத்துல ஒக்கார நாலு பேர் மட்டுந்தான் கேக்குறேன். ஒரு வருஷம் போதும். அதுக்குள்ள அவளுக்கு இந்த இழுப்பு கொறைஞ்சிரும், நானே பஸ்ஸுல பழக்கிருவேன்."

வீரய்யா ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சீக்கிரம் கலங்கும். "என் பேரன் தினுஷன் ஆறாம் ஆண்டுக்கு இங்கதான் வருவான்! நான் சொல்றேன்!" என்று கையைத் தூக்கினார்.

தலைவர் தூக்கிய பிறகு சும்மா இருக்க முடியுமா? இன்னொரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. மாநகரசபையில் கிளார்க்காக இருக்கும் என் அப்பா சுவக்கின், கூட்டங்களில் கொட்டாவி விடுவதற்கு மட்டுமே வாயைத் திறப்பவர், "நம்ம ஷெரோனையும் போட்டுக்கங்க," என்றார். நான்கு கேட்ட இடத்தில் ஏழு கைகள். அறிக்கையில் 'ஏகமனதாக' என்று டைப் பண்ணினேன். இராஜகுமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் போன பிறகு, யாரும் கேட்காமலே, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒங்களுக்குக் கையி இருக்குன்னு அங்க போய்த்தானா காட்டணும்?"

"டடா, எனக்கு நெட்போல் டீம்ல எடம் கெடச்சிருக்கு," என்றாள் ஷெரோன்.

"பாப்போம், பாப்போம்," என்றார் அப்பா. அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எடுக்கப்படவில்லை.

வேறு வீடுகளிலும் எடுக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் விடுமுறை முழுக்கக் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்துகொண்டிருந்தன. லூர்து சேர், 'அன்பான பெற்றோர்களே, பிள்ளைகளின் சீருடை அளவைத் தெரிவிக்கவும்' என்று போட்டார். ஏழு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அளவு யாரும் சொல்லவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும் நாள் வந்தது. ஹுஸைன் சேர் எண்ண வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் நான் வெளியே வந்தபோது அப்பா திறீவீலின் பின்சீற்றில் ஒரு புதுக் கதிரையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ஷெரோன் டவுன் பாடசாலைச் சீருடையில், கழுத்தில் ரை கட்டி, ஸ்கூல் வானுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா இது, அப்பா?"

"சொன்ன சொல்லக் காப்பாத்தணும்ல."

"நீங்க சொன்னது ஷெரோன."

"ஷெரோன் பேர்லதான்டா இருக்கு, பாரு." கதிரையைத் திருப்பிக் காட்டினார். ஷெரோன் என்று பளபளவென்று ஒட்டியிருந்தது. "அவளுக்கு எடம் டவுன்ல. அதுக்காக நாம வெறுங்கையோடவா போறது? நம்ம வழக்கம் இதுதானே. மத்த ஆறு பேரு பிள்ளைகளக் கூட்டிட்டு வருவாங்கல்ல, அது போதும்."

றொமேஷ் மெஷினைப் போட்டிருக்கிறான் என்றால், ஐந்துக்குக் குறையாமல் ஓடர் போயிருக்கிறது. அது திறீவீலில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

படியேறிப் போனோம். வாசலில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கதிரையோடு நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. வீரய்யா ஐயா தன் கடையின் சின்ன லொறியில், முதுகு உயர்ந்த, மெத்தை வைத்த கதிரையாகக் கொண்டுவந்திருந்தார். தலைவரல்லவா. ஏழு வீட்டிலிருந்தும் ஏழு கதிரைகள் வந்தன. ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரையும் நம்பியிருந்தார்கள். எங்கள் சங்கத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

ஆறாம் வகுப்பில் நிரோஷினி ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தாள். புதுச் சீருடை, இரட்டைச் சடை, மடியில் பை. கொண்டுவந்தவர்கள் கதிரைகளை வேறெங்கே வைப்பதென்று தெரியாமல் அவளைச் சுற்றி வைத்துவிட்டு, வெளியே வராந்தாவில் போய் நின்றார்கள். அரை நாள் லீவு போட்டிருந்த இராஜகுமாரி என் அப்பாவிடம் வந்தார்.

"ஷெரோன் பாப்பா வரலீங்களா, அண்ணே?"

"காய்ச்சலுங்க," என்றார் அப்பா.

"ஐயோ. நாளைக்கு வருந்தானே?"

அப்பா தலையாட்டினார். ஆமென்றும் எடுக்கலாம், இல்லையென்றும் எடுக்கலாம். அப்படி ஆட்ட மாநகரசபையில் இருபது வருடம் பழகியிருந்தார்.

ஹுஸைன் சேர் வந்தார். வகுப்பைப் பார்த்தார். "புள்ளயள் எங்க?"

"வருவாங்க சேர்," என்றார் வீரய்யா ஐயா. "மனசால எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

ஹுஸைன் சேர் ஒவ்வொரு கதிரையாகக் குனிந்து பார்த்தார். முதலாவதில் இருந்த பெயரைத் தன்னையறியாமல் வாய்விட்டுப் படித்தார். "தினுஷன்."

நிரோஷினி எழுந்து நின்றாள். இடாப்பில் பெயர் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டாள். ஐந்தாம் ஆண்டில் அவள்தான் மொனிட்டர். வராதவர்களுக்குப் பதில் சொல்வது மொனிட்டரின் வேலை.

"வரலீங்க, சேர்."

ஹுஸைன் சேர் அவளைப் பார்த்தார். அடுத்த கதிரைக்குப் போனார். "ஷெரோன்."

"வரலீங்க, சேர்."

வராந்தாவில் அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பெயர்களும் முடியும்வரை அவள் உட்காரவில்லை. ஒவ்வொன்றுக்கும் தெளிவாக, மரியாதையாகச் சொன்னாள்.

"ஒன்ட பேரு என்ன, மகள்?"

"நிரோஷினி, சேர். நான் வந்திருக்கேன்."

"ஒன்ட பேரு போட்ட கதிர எது?"

"எனக்கு இல்லீங்க சேர். நான் எங்கயும் போகலையே."

ஹுஸைன் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லூர்து சேரை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார்.

"நான் என்னத்தச் செய்ற, லூர்து சேர். புள்ளய எண்ணச் சொல்லித்தான் என்ன அனுப்பினது. கதிரய எண்ணச் சொல்லியிருந்தா மாகாணத்துலயே நீங்கதான் முதல்." அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழம வரைக்கும் நான் ரிப்போட் குடுக்க மாட்டேன். இன்னும் ரெண்டு புள்ளயாவது வந்தா நான் மேல பேசிப் பாக்குறேன். அஞ்சு வேணாம். ரெண்டு."

அந்த வாரம் ஆறாம் ஆண்டு நடந்தது. லூர்து சேரே எல்லாப் பாடமும் எடுத்தார். நிரோஷினி காலையில் கதிரைகளைத் துடைத்து வரிசையாக வைப்பாள். பின்னேரம் லூர்து சேர் வீடுவீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா நல்ல பிளேன்ரீ கொடுத்தார். ஷெரோன் அறைக்குள்ளிருந்து வரவில்லை. சேர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றார் அப்பா. அவ்வளவுதான் பேசினார்கள்.

நான் குழுவில் ஒரு படம் போட்டேன். ஏழு வெறுங்கதிரை, நடுவில் ஒரு பிள்ளை. பார்த்தாலாவது யாருக்காவது உறைக்கட்டும் என்று. உறைத்தது. கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் படத்தைப் பார்த்து உருகி, இங்குள்ள கடையொன்றுக்கு ஓடர் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் எட்டாவது கதிரை வந்து இறங்கியது.

பின்னேரம் ஹுஸைன் சேர் ரிப்போட்டைக் கொடுத்தார்.

மேல் பிரிவு மூடப்பட்டது. ஏழிலும் எட்டிலும் ஒன்பதிலும் இருந்த சிலர் ரெண்டு பஸ் மாறும் பாடசாலைக்குப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர்தான் இன்னும் போகிறார்கள் என்று கேள்வி. நிரோஷினியின் விஷயத்தைச் சங்கம் கைவிடவில்லை. டவுனில் இருக்கும் வீரய்யா ஐயாவின் மகளுக்கு, கைக்குழந்தையோடு கஷ்டமாம், வீட்டில் கூடமாட ஒரு ஆள் தேவையாம்.

"வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வச்சுக்குவாங்க," என்றார் ஐயா. "சாப்பாடு, துணிமணி, எல்லாம் பாத்துக்குவாங்க. இழுத்தா பக்கத்துலயே டொக்டர். கொஞ்சம் பழகின பெறகு டவுன்லயே ஏதாவது ஒரு ஸ்கூல்ல சேத்துவிட்டாப் போச்சு."

இராஜகுமாரி, "இழுத்தா ஒடனே காட்டுவாங்கதானே ஐயா?" என்று மட்டும் கேட்டார். தலைவரின் பெருந்தன்மைக்குச் சங்கம் நன்றி தெரிவித்தது. அதையும் நான்தான் டைப் பண்ணினேன்.

மிஞ்சிய கதிரைகளை டவுன் பாடசாலைகளுக்கு ஏற்றிவிடும்படி உத்தரவு வந்தது. அங்கே பிள்ளைகள் அதிகம், உட்காரக் கதிரை போதாதாம். லொறி வந்த அன்று நானும் போயிருந்தேன். மரக் கதிரைகளை மட்டும் யாருக்கும் வேண்டாமென்று மண்டபத்திலேயே விட்டுவிட்டார்கள். மற்றதையெல்லாம் இரண்டு பேர் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஏற்றினார்கள். என் பெயர் தலைகீழாகப் போனது.

பாதி ஏற்றியபோது இராஜகுமாரி படியில் வந்தார். தோளில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. ஒரு கால் வெடித்து, கம்பியால் தைத்திருந்தது. பின்னால் நிரோஷினி, கையில் உடுப்புப் பையோடு. கீழே றோட்டில் வீரய்யா ஐயாவின் கடை லொறி ஹோன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னாம்மா இது?" என்றார் லூர்து சேர்.

"கதிரைங்க சேர். புதுசு வாங்க முடியல. வீட்டுல இருந்ததுதான்."

"அம்மா, இது..." சேர் சொல்லத் தடுமாறினார். "இது பாஸாகி டவுனுக்குப் போற பிள்ளைகளுக்குச் செய்யிறது."

"போற பிள்ளைகளுக்குத்தானே சேர்? இவளும் டவுனுக்குத்தானே போறா." இராஜகுமாரி கதிரையை இறக்கி, முந்தானையால் துடைத்தார். "எனக்குத்தான் ஒண்ணும் வைக்கல. இவளுக்காவது இருக்கட்டும். பேர் எழுதணுமே, யாரு சேர் எழுதுவாங்க?"

றொமேஷ் ஒன்றுக்கு மெஷின் போடமாட்டான். ஒபிஸில் கறுப்பு மார்க்கர் ஒன்று இருந்தது. நான் எடுத்து வந்தேன்.

"பெருசா எழுதுங்க அண்ணே," என்றாள் நிரோஷினி.

பெரிதாக எழுதினேன். மாலை இல்லை, மேளம் இல்லை. லூர்து சேருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஒக்காரும்மா," என்றார். அவள் முற்றத்தின் நடுவில் தன் கதிரையில் உட்கார்ந்தாள். கம்பி தைத்த கால் கொஞ்சம் ஆடியது. பையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் இருப்பதுபோல நேராக இருந்தாள். கீழே மறுபடியும் ஹோன் அடித்தது. அவள் எழுந்து, சேரைக் கும்பிட்டுவிட்டு, அம்மாவின் பின்னால் படியிறங்கினாள்.

"சேர், இதுவும் போறதுதானே?" என்று கேட்டபடியே ஏற்றுகிறவர் நீலக் கதிரையைத் தூக்கினார். லூர்து சேர் கையை உயர்த்தினார். ஏற்றுகிறவர் அதைச் சரியென்று எடுத்துக்கொண்டு லொறியில் போட்டார்.

போன கிழமை ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது ஷெரோன் கேட்டாள்.

"அண்ணே, எங்க கிளாஸுக்குக் கொஞ்சம் கதிரை வந்திச்சு. எல்லாம் யாரோ பாவிச்சது. ஒண்ணுல மார்க்கர்ல நிரோஷினின்னு எழுதியிருக்கு. அப்படி யாரும் எங்க கிளாஸ்ல இல்லையே. யாரு அது?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பரலோகத்துப் பழைய மாணவி," என்றேன்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"டவுன்லதான்."

"அப்ப வந்து ஒக்காரலாமே," என்றாள் ஷெரோன்.